பால் காய்ச்சிய வீடு

மழைக்காலம் வந்தால் எங்கள் வீட்டுக் கூரையில் ஒரு கல்யாண ஜோடி குப்புறப் படுத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரிக்கும். யாரென்று தெரியாது. மண்டபத்து வாசலில் கழற்றிப் போட்டிருந்த பிளக்ஸ் பேனரை அப்பா சுருட்டிக்கொண்டு வந்து, ஓட்டுக்குக் கீழே கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தார். ஓட்டு இடுக்கில் ஒழுகும் தண்ணீரெல்லாம் அதில் சேர்ந்து, மாப்பிள்ளையின் வயிற்றுப் பக்கம் தொந்தி போலத் தொங்கும். "மாப்ளைக்கு வயிறு ரொம்பிருச்சுடா, வாளிய எடு" என்று அம்மா சொல்வாள். நான் வாளியைப் பிடிக்க, அவள் துடைப்பத்தின் அடிக்கட்டையால் மெல்ல நெம்பி வடித்துவிடுவாள்.

அப்பா திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு எடுக்கிற வேலை. எத்தனை குளித்தாலும் போகாத வாடை அது. எங்களுக்கு அது தெரியாது. வாடகைக்கு வீடு கேட்டுப் போகும் இடங்களில்தான் தெரியவரும்.

"என்ன வேல பாக்குறீக?"

"ஷாப்புலங்க."

"என்ன ஷாப்பு?"

இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னதும், நேற்றுத்தான் வேறு ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்வார்கள். ஊரில் அத்தனை வீட்டையும் நேற்றுத்தான் யாருக்கோ வாக்குக் கொடுத்திருந்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில், நான் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, ரயில்வே லைனுக்கு அந்தப்பக்கம் இருந்த இந்த வீடு கிடைத்தது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் சாவியைக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார். வேறு யாரும் அந்த வீட்டுக்கு வரத் தயாராக இல்லாததால்தான் அவர் கேட்கவில்லை என்பது முதல் மழையில் புரிந்தது.

ஒவ்வொரு மழைக்கும் அப்பா அவர் வீட்டு வாசலில் போய் நிற்பார்.

"சார், ஓடு ரொம்ப ஒழுகுது சார். செவரும் ஊறிப்போயி உப்பா உதிருது."

"மாத்திரலாம்ப்பா. நீ காலி பண்ணிக் குடு. ஓடு மாத்தி, வெள்ளையடிச்சு, நல்ல வாடகைக்கு விட்டுர்றேன்."

அப்பா சிரித்துக்கொண்டே திரும்பி வந்துவிடுவார். அடுத்த மழை வரைக்கும் பேச்சில்லை. பழுது பார்ப்பதும் வெளியேற்றுவதும் அந்த வீட்டைப் பொறுத்தவரை ஒரே காரியம் என்றாகிவிட்ட பிறகு, நாங்கள் பழுதோடு இருக்கப் பழகினோம். சுவிட்சைத் தொடுவதற்கு முன் அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொள்வாள், ஷாக் அடிக்கும். கக்கூஸுக்குக் கதவு என்று ஒரு தகரம், கம்பியால் கட்டியது. ஆனாலும் ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் என் கல்லூரி அடையாள அட்டையிலும் எங்களுக்கு இருந்த ஒரே இடம் அந்தக் கதவு எண்தான்.

செல்போன் எங்கள் தெருவுக்குள் வரத் தொடங்கியிருந்த சமயம். ஒருநாள் சாயங்காலம் வாத்தியாரே வந்தார். உள்ளே வரவில்லை.

"வீட்ட வித்துட்டேம்ப்பா. ஒட்டன்சத்திரத்துல காய்கறி மண்டி வச்சிருக்கிறவரு வாங்கியிருக்காரு. இனி எதுன்னாலும் அவருட்டப் பேசிக்க."

அம்மா கேட்ட ஒரே கேள்வி: "அவரு ஓட்ட மாத்துவாரா சார்?"

வாத்தியார் நகர்ந்த பிறகுதான் அவளுக்கு மற்றது உறைத்தது. "நம்மளப் போகச் சொல்லிட்டா எங்குட்டுப் போறது? திரும்ப வீடு வீடா ஏறி, என்ன ஷாப்புன்னு கேப்பாகளே."

நான் அப்போது பி.காம். கடைசி வருடம். எங்கள் வம்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான்தான். சட்டம் என்று ஒன்று எழுதப்பட்டிருந்தால் அதைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அது உதவும் என்று அப்போது முழுதாக நம்பினேன். உடன் படித்தவனின் மாமா கோர்ட்டில் வக்கீல். அவரைப் போய்ப் பார்த்தேன்.

"வீடுதான தம்பி கைமாறியிருக்கு, ஒங்க குடியிருப்பு மாறலையே" என்றார் அவர். "வாத்தியார் எடத்துல இப்ப மண்டிக்காரர், அம்புட்டுத்தான். வாடகைய வாங்க மாட்டேன்னா மணியார்டர்ல அனுப்பு. அதையும் திருப்பி விட்டா கோர்ட்டுல கட்டுவோம். ஒழுகுதுன்னா ரிப்பேர் பண்ணச் சொல்லியும் மனு போடலாம். கோர்ட்டு உத்தரவு இல்லாம ஒங்கள ஒருத்தரும் வெளிய அனுப்ப முடியாது."

நான் எழுந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். "ஒண்ணு மட்டும். இம்புட்டும் நீங்க உள்ள இருக்கிற வரைக்கும்தான். நீங்களா வெளிய வந்துட்டீங்கன்னா, திரும்ப உள்ள போறதுக்குள்ள தாவு தீந்துரும்."

அன்று ராத்திரி சாப்பிடும்போது இதை அப்படியே சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"கோர்ட்டுல நம்மளையும் கூப்ட்டுக் கேப்பாங்களா?"

"கேட்டுத்தாம்ப்பா ஆகணும்."

மறுநாள் அவர் அதை ஷாப்பில் போய்ச் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து கொஞ்ச நாள் அவரை அங்கே, "வழி விடுங்கடா, வக்கீலோட அப்பா வாராரு" என்று கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். அதை எங்களிடம் சொல்லும்போது அவருக்குப் பெருமைதான்.

புது வீட்டுக்காரர் ஆட்களோடு வந்து மிரட்டுவார் என்று நினைத்திருந்தோம். அவர் மனைவியோடு மொபெட்டில் வந்தார். முன்னால் ஒரு பை நிறைய முருங்கைக்காயும் கத்தரிக்காயும். பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஏனுங்ணா, சௌக்கியமுங்களா? நின்னுட்டே இருக்கறீங்க, உக்காருங்க."

எங்கள் வீட்டுக்குள் வைத்து அப்பாவை அவர் உட்காரச் சொன்னார். அப்பா உட்கார்ந்தார். ஷாப்பில் மேஸ்திரிக்கு அவர் 'ஏலே'. வாத்தியாருக்கு 'ஏப்பா'. 'ங்க' போட்டு அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

மண்டிக்காரர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். கல்யாண ஜோடியைப் பார்த்தார். "ஏனுங்க, இதுக்குள்ளயா குடும்பம் நடத்தறீங்க? வாத்தியாரு இப்படி உட்டுப்போட்டாருங்களே! இந்த ஓட்டெல்லாம் பிரிச்சுப்போட்டு மேல கான்கிரீட் போட்டர்றனுங்க."

அம்மா அழுதுவிட்டாள். அத்தனை வருடத்தில் அது ஒழுகுகிற வீடு என்று ஒப்புக்கொண்ட முதல் மனிதர் அவர்.

நான் கேட்டேன்: "அப்ப நாங்க இங்கயே இருக்கலாங்களா?"

"பின்ன எங்க போவீங்க தம்பி?" என்றார்.

அது பதில் இல்லை, கேள்வி. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

அடுத்த தடவை வந்தபோது பையில் அவரைக்காய். மனைவிதான் பேசினார். "ஏனுங்க்கா, நல்ல நாள் பாத்திருக்கறோம். பால் காய்ச்சோணும். இன்னொருத்தர் அடுப்பு எரியற ஊட்டுல காய்ச்சுனா ஆகாதுன்னு ஜோசியர் சொல்லிப்போட்டாருங்க. ஊடு வெறுசா இருக்கோணுமாம். அரை நாளைக்குத்தானுங்க்கா. சாமானத்த எதுத்தாப்பல வெச்சுக்கிட்டீங்கன்னா, பால் பொங்குனதும் வந்துக்கலாம்."

அவர்கள் போனதும் எனக்கும் அம்மாவுக்கும் சண்டை வந்தது.

"நாமளா வெளிய வரக் கூடாதுன்னு வக்கீல் படிச்சுப் படிச்சுச் சொன்னாரும்மா."

"ஏலே, அவுக காலி பண்ணவா சொன்னாக? பால் காய்ச்சணுங்கிறாக. வாங்குன வீட்ல பால் காய்ச்ச விடமாட்டோம்னு சொல்லுவாகளா யாராச்சும்? நாளப்பின்ன அந்தக் குடும்பத்துல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நம்ம வாயில்ல பழியாப்போகும்."

அப்பா சொன்னார்: "செத்த நேரம் வெளிய இருந்தா என்னடா, தேஞ்சா போயிருவோம்? நம்மள மதிச்சுக் கேக்குறாரு."

பால் காய்ச்சுவதைப் பற்றி வக்கீல் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஒரு நல்ல காரியத்துக்கு இடம் கொடுக்காத ஆள் என்று பேர் வாங்குவதைக் காட்டிலும் பெரிய கேடு எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அன்று காலை நாங்கள் மூன்று பேரும் எங்கள் கையாலேயே வீட்டைக் காலி செய்தோம். தகரப் பீரோ, கயிற்றுக் கட்டில், அடுப்பு, குடங்கள், என் புத்தகங்கள் எல்லாம் எதிரே இருந்த குடோன் சுவரோரம் போய்ச் சேர்ந்தன. மாதா படத்தை மட்டும் விட்டுவைக்கலாமா என்று அம்மா கேட்டாள். "அதையும் எடுத்துருங்க்கா" என்று மண்டிக்காரரின் மனைவி சிரித்தபடி சொன்னார். அம்மா படத்தைச் சேலையில் சுற்றிக் கட்டிலில் வைத்தாள். விசேஷத்துக்கு வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாதென்று அப்பா பேனரையும் அவிழ்த்துச் சுருட்டினார். பிறகு அம்மா தரையைக் கழுவிவிட்டு, யாரும் சொல்லாமலே வாசலில் ஒரு பெரிய கோலம் போட்டாள். அவள் போட்டு நான் பார்த்த அத்தனை கோலத்திலும் அதுதான் பெரியது.

பால் பொங்கியது. உள்ளே குலவை போட்டார்கள். மண்டிக்காரர் முதல் டம்ளரை அம்மாவிடம் கொண்டுவந்து நீட்டினார். "இத்தன வருசம் இங்க வெளக்கேத்துன மகராசி, நீங்க குடிங்க மொதல்ல." அம்மா குடித்தாள். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில், வந்த விருந்தாளிகளோடு உட்கார்ந்து கேசரி சாப்பிட்டார். நானும் குடித்தேன். நல்ல பால். ஏலக்காய் போட்டிருந்தார்கள்.

மத்தியானம் விருந்தாளிகள் கலைந்தார்கள். அம்மா அடுப்பைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள். மண்டிக்காரரின் மச்சினன் கதவைச் சாத்தி, பெரிய புதுப் பூட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, செத்த தொறங்க, நாங்க உள்ள போகணும்" என்றாள் அம்மா.

அவன் மண்டிக்காரரைப் பார்த்தான். அவர் அப்பாவிடம் வந்து தோளில் கை வைத்தார். குரல் கொஞ்சமும் மாறவில்லை.

"அண்ணா, வேற ஊடு பாத்துக்குங்க. நாளைக்கே ஓட்டப் பிரிக்க ஆளுங்க வாராங்க, குடோன் கட்டறமுங்க. ஒரு மனக்கசப்பும் இல்லாம ஒழிச்சுக் குடுத்தீங்க, மறக்க மாட்டனுங்க. சாமானம் ஏத்த வண்டி வேணும்னா சொல்லுங்க, அனுப்பறேன்."

அப்பா, "சரிங்க" என்றார்.

அந்தச் சொல் என் காதில் இன்னும் இருக்கிறது. அதை அவர் யோசித்துச் சொல்லவில்லை. 'ங்க' என்று கேட்டதற்கு 'ங்க' என்று வாய் பதில் சொல்லிவிட்டது. நான் கதவிடம் ஓடிக் கத்தினேன். சட்டம், கோர்ட்டு, உரிமை என்று வக்கீல் சொன்னதையெல்லாம் கத்தினேன். மச்சினன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காலேஜ் படிக்கறீங்களா தம்பி?" என்றான்.

போலீஸ் ஸ்டேஷனில் இருந்த ஏட்டு கெட்டவர் இல்லை. எங்களை உட்காரவைத்துத்தான் விசாரித்தார்.

"அடிச்சாங்களா?"

"இல்ல சார்."

"சாமானத்தத் தூக்கி வெளிய எறிஞ்சாங்களா?"

"இல்ல சார். நாங்கதான் எடுத்து வச்சோம்."

"நீங்களே எடுத்து வச்சீங்க. அப்புறம்?"

"அவங்க பால் காய்ச்சுனாங்க."

"நீங்க?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "குடிச்சோம்."

ஏட்டு பேனாவை மூடி வைத்தார். "இதுல நான் என்னம்மா எழுதட்டும்? சிவில் மேட்டரு. கோர்ட்டுக்குப் போங்க."

வக்கீல் திட்டுவார் என்று பயந்துகொண்டே போனேன். திட்டவில்லை. இப்படி ஏமாற்றி வெளியேற்றியதற்கும் வழக்கு உண்டு, ஆறு மாதத்துக்குள் போட வேண்டும், ரேஷன் கார்டு போதும், அப்பா வந்து கையெழுத்து வைக்கட்டும் என்றார்.

அப்பா வரவில்லை. அப்போது நாங்கள் அம்மாவின் தம்பி வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒண்டியிருந்தோம். நான் கெஞ்சினேன். கோர்ட்டில் உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், நீங்கள்தானே கேட்டீர்கள் என்றேன்.

"என்னத்தடா போயிச் சொல்ல?" என்றார். "அவுக விசேஷத்துக்கு எடம் விட்டோம். நாற்காலி போட்டாக, உக்காந்து கேசரி தின்னோம். பாலக் குடிச்சுட்டு அந்த வீட்டு மேல கேஸா போடுவாக? காறித் துப்ப மாட்டாக?"

"அது பாலா அப்பா? நம்மள ஏமாத்துனது."

"பால்தான்டா" என்றார். ஆறு மாதமும் போயிற்று.

பூட்டுப் போட்ட மறுநாள், ஓட்டைப் பிரித்தபோது மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அடுக்கி வைத்திருந்த ஓட்டில் முக்கால்வாசி முழுசாகத்தான் இருந்ததாம். கொஞ்சத்தை மாற்றியிருந்தால் ஒழுகியிருக்காது என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகும் பல வீடுகள் மாறிவிட்டோம். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காதவர்களின் வீடுகள், அதனால் எல்லாமே ஒழுகின. பேனர் கூடவே வந்தது, மாப்பிள்ளையின் முகம் வெளிறி இப்போது சிரிப்பு மட்டும்தான் தெரிகிறது. எனக்கு ஒரு கணக்கர் வேலை கிடைத்தது. ஒவ்வொரு வாடகை வீட்டிலும் ரசீது கேட்கிறேன், படித்த பையன் என்கிறார்கள், கொடுப்பதில்லை.

குடிபோகும் அன்றைக்குப் பால் பாக்கெட்டோடு அக்கம்பக்கத்தில் யாராவது வருவார்கள். அம்மா வாங்கி ஓரமாக வைத்துவிடுவாள். அடுப்பைப் பற்றவைத்து முதலில் ஏற்றுவது கடுங்காப்பிதான். மூன்று பேரும் ஆளுக்கொரு டம்ளர் எடுத்துக்கொண்டு, அவிழ்க்காத மூட்டைகளின் மேல் உட்கார்ந்து குடிப்போம். சாயங்காலம் வரைக்கும் யாரும் வாசலைத் தாண்டுவதில்லை.