பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய கார்டு

அவரை நான் முதலில் பார்த்தது சூப்பர் மார்க்கெட்டில், பில் போடும் வரிசையில். மறுநாள் வேலையில் சேர வேண்டும். பக்கெட், தலையணை, சோப்பு என்று வாங்கிக்கொண்டு, அப்பா கொடுத்தனுப்பிய நோட்டுகளை எடுத்தேன். பின்னால் நின்றவர் மெல்லக் குனிந்து, "காசை எங்கிட்ட குடுத்துடுங்க தம்பி. உங்க பில்லை என் கார்டுல போட்டுக்கறேன்" என்றார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். டவுனில் யாரையும் நம்பாதே என்று ஊரே கூடி வழியனுப்பியிருந்தது. பர்ஸை இறுக்கிப் பிடித்தேன். பில் போடும் பெண் சிரித்தாள். "பயப்படாதீங்க. இவரு எல்லார்கிட்டயும் இப்படித்தான் கேப்பாரு."

மறுநாள் நான் சேர்ந்த கார் சர்வீஸ் நிலையத்தில், உதிரிபாக ஸ்டோரின் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் அதே முகம் உட்கார்ந்திருந்தது. அங்கே அவருக்குச் சதவீதம் என்று பெயர். முகத்துக்கு நேரே 'சதவீதம் சார்'. முதுகு திரும்பியதும் 'சார்' உதிர்ந்துவிடும்.

சாமான்களை ரகம் பிரிக்க ஸ்டோரில் ஒட்டும் கலர் ஸ்டிக்கர்களைத் தன் கார்டுகளிலும் ஒட்டியிருந்தார் சதவீதம். பச்சை மளிகைக்கும் மருந்துக்கும், சிவப்பு பெட்ரோலுக்கு, நீலம் கரண்ட் பில்லுக்கும் போன் பில்லுக்கும். ஒரு கார்டில், செலவில் இத்தனை சதவீதம் என்று வங்கி திருப்பித் தரும் கேஷ்பேக்கின் அந்த மாத வரம்பு தீர்ந்துவிட்டால் அதைப் பர்ஸில் தலைகீழாகச் செருகிவிடுவார். மாதம் பிறந்தால்தான் அது நிமிரும். பெரிய சாமான் என்றால் பில் தேதி கழிந்த மறுநாள்தான் கடைக்குப் போவார். பணம் கட்ட முழு அவகாசமும் கிடைக்க வேண்டுமே. கெடுவுக்கு முன்பே பாக்கி வைக்காமல் கட்டிவிடுவார். வட்டி கட்டிக்கொண்டு கேஷ்பேக் வாங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல என்பார்.

மெக்கானிக்குகளுக்கு அவர் கல்லில் நார் உரிக்கிற ஆள். ஆனாலும் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்குகிறவன் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவான். கார்டை அவர் தேய்ப்பார், வருகிற கேஷ்பேக்கில் பாதியைக் கொடுத்துவிடுவார். அந்தச் சாக்கில் ஒரு சாயங்காலம் அவருக்குப் பேச்சுத் துணை கிடைக்கும். ஃபிரிட்ஜை வண்டியில் ஏற்றியதும் அவனவன் தன் வீட்டைப் பார்த்துப் போய்விடுவான். சதவீதம் பஸ் பிடித்து, இரண்டு அறை வீட்டின் பூட்டைத் திறந்து, காலையில் வைத்த சோற்றைச் சூடு பண்ணுவார்.

பிற்பாடு அவரே எனக்குச் சொன்ன கதை இது. மனைவி இல்லை. ஒரே மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். அப்பாவோடு பேச்சுவார்த்தை கிடையாது. அதற்கும் கார்டுதான் காரணம். மனைவியை நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று முன்பணம் கட்டச் சொன்னார்கள். தொகையைப் பிரித்து இரண்டு கார்டில் போட முடியுமா என்று கவுண்டரில் கேட்டார் சதவீதம். மனசு எங்கேயோ இருந்தது. வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது. மகள் பின்னால் நின்றிருந்தாள். அவர் அப்படிக் கேட்டதால் வைத்தியம் ஒன்றும் தாமதப்படவில்லை. டாக்டர் உள்ளே பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அது மகளுக்கும் தெரியும். ஆனால் மனைவி அந்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். "அம்மா உள்ள மூச்சுக்குத் தவிச்சா. நீங்க வெளிய சதவீதம் பாத்தீங்க" என்று ஒரே ஒரு முறை சொன்னாள் மகள். பிறகு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள்.

போகும்போது ஒன்றை மட்டும் அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. பச்சை ஸ்டிக்கர் கார்டோடு சேர்த்து, அவள் படிக்கும் காலத்தில் அவர் வாங்கிக் கொடுத்த துணைக் கார்டு. அதை அவள் எங்கே தேய்த்தாலும் தொகை அவர் பில்லில் ஏறும், அவர் போனில் மெசேஜ் விழும்.

அந்த மெசேஜ்தான் அவருக்கு மகள். கடையின் பெயரும் தொகையும்தான் வரும். மீதியை அவரே இட்டு நிரப்பிக்கொள்வார். அடுத்தடுத்து மருந்துக் கடை என்றால் காய்ச்சலோ என்று சோறு இறங்காது. செருப்புக் கடை என்றால், ரொம்ப நடக்கிறாள் போலிருக்கிறது. ஒரு நாள் ஹோட்டலில் இரண்டு பேர் சாப்பிடுகிற தொகை வந்தது. யாரோ கூட இருக்கிறார்கள் என்று அன்று முழுவதும் நிம்மதியாக ஸ்குரூ எண்ணிக்கொண்டிருந்தார்.

அப்படி இருக்கையில், பச்சைக் கார்டின் ஆண்டுக் கட்டணத்தை ஏற்றி, கேஷ்பேக்கைக் குறைத்தது வங்கி. சதவீதம் உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட்டார். வருவதைவிடப் போவது அதிகம். உடனே வங்கிக்குப் போன் போட்டார். மதிய இடைவேளை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெக்கானிக்குகள் வேடிக்கை பார்த்தார்கள். வங்கிப் பெண் பாதிக் கட்டணம் தள்ளுபடி என்று கெஞ்சினாள். கேட்க ஆள் இருந்ததால் அவருக்கும் குஷி பிறந்துவிட்டது.

"இதோட சேந்தது எல்லாமே நின்னுடும் சார். மூடிடட்டுமா?"

"மூடுங்கம்மா. நஷ்டத்துக்குக் கார்டு வெச்சுக்கற பழக்கம் எனக்குக் கிடையாது."

மெக்கானிக்குகள் கை தட்டினார்கள். அவ்வளவு கணக்குப் போட்டவருக்கு, மகளைக் கணக்கில் சேர்க்கத் தோன்றவில்லை.

அந்த வாரக் கடைசியில் போன் அடித்தது. மகளின் பெயர். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"அப்பா, கடையில நிக்கறேன். கார்டு போகல."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கட்டணத்தை ஏற்றிவிட்டதை, வரவைவிடச் செலவு அதிகமானதை, அதனால் மூடியதை என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். அந்தப் பக்கம் பில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் நகரச் சொல்லி யாரோ அவளிடம் சொன்னார்கள்.

"சரி விடுங்க. எங்கிட்ட வேற கார்டு இருக்கு."

"காசு முடையாம்மா? இப்பவே அனுப்பறேன்."

"காசுக்கா அதத் தேய்ச்சேன்? எனக்குத்தான் சம்பளம் வருதே." வரிசையை விட்டு நகர்ந்திருக்க வேண்டும், பில் மெஷின் சத்தம் தள்ளிப் போனது. "உங்களுக்கு மெசேஜ் போகும்னுதான்ப்பா தேய்ச்சேன். நான் நல்லாருக்கேன்னு தெரியட்டுமேன்னு. பேசத்தான் எனக்கு வாய் வரல."

காய்ச்சலைக் கேட்க வேண்டும், செருப்பைக் கேட்க வேண்டும், கூட உட்கார்ந்து சாப்பிட்டது யார் என்று கேட்க வேண்டும். இத்தனையையும் விட்டுவிட்டு, "நல்லதும்மா" என்றார். அவள் வைத்துவிட்டாள்.

மறுநாளே வங்கிக்கு நேரில் போனார். முழுக் கட்டணமும் கட்டுகிறேன், கேஷ்பேக்கே வேண்டாம், அந்தக் கார்டை மட்டும் திறந்து கொடுங்கள் என்று மன்றாடினார். மூடியது மூடியதுதான் என்றார்கள். வேறொரு வங்கியில் அவள் பெயருக்குத் துணைக் கார்டு வாங்கி அனுப்பினார். 'வேண்டாம்ப்பா' என்று பதில் வந்தது.

இப்போதும் அவர் அதே ஸ்டோரில்தான் வேலை பார்க்கிறார். அதே வீட்டில் தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளுக்குப் போன் செய்கிறார். சில வாரம் எடுக்கிறாள். எடுத்தால், சாப்பிட்டாயா என்று கேட்கிறார், சாப்பிட்டேன் என்கிறாள். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வளர்வதில்லை.