விண்கலத்துக்கு யார் பொங்கல் கொண்டுபோவது?

எடையே இல்லாத விண்கலத்துக்குள் பொங்கல் பானை பொங்கினால் பால் எந்தப் பக்கம் வழியும்? இதற்காகப் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் நாங்கள் வாய் வலிக்கச் சண்டை போட்டிருக்கிறோம். தினமும் அதில் வேலைக்குப் போகிற நாலைந்து பேருக்கு டிவியில் வரும் ஒரு விண்வெளித் தொடர் என்றால் பித்து. பித்தை ஏற்றிவிட்டவர் கணக்கு டீச்சர். ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தின இரவு பார்த்த அத்தியாயத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடுவார். அவர் பேச ஆரம்பித்தால் நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பே மறந்துவிடும்.

அந்தப் பானை வந்தது போன வருடப் பொங்கல் சிறப்பு அத்தியாயத்தில். கலத்தில் எல்லோரும் பொங்கல் வைக்க, பைலட் மட்டும் தன் அறையில் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். பூமியில் அவனுடைய அப்பா இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஒருத்தரும் அவனுக்கு ஒரு கரண்டி கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. லீவு முடிந்து பஸ் ஏறியதும் பால் சண்டை ஓய்வதற்குள் நான் இதை எடுத்துக்கொண்டேன். துக்க வீட்டில் அந்த வருடம் பொங்கல் வைக்கமாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். "இதுகூடத் தெரியாதவன்லாம் கதை எழுத வந்துட்டான்" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். டீச்சர் மட்டும் பையில் சில்லறை தேடிக்கொண்டிருந்தார். சும்மா இருக்காமல், "நீங்க சொல்லுங்க டீச்சர், இது நியாயமா?" என்று கேட்டேன்.

"மறந்துருப்பாங்க சார். வேணும்னு யாரு செய்வா? ஆனா அவன் கதவையே பாத்துட்டு இருந்தான்ல, அத நல்லா எடுத்துருக்காங்க" என்றார்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஆபீஸில் ஃபைலைப் பிரித்த பிறகுதான் சுருக்கென்றது. டீச்சரின் வீட்டுக்காரர் இறந்தது அந்தப் பொங்கலுக்கு முந்தின ஐப்பசியில். நாங்கள் எல்லோரும் மாலையோடு போய் நின்றோம். பொங்கலன்று அவர் வீட்டில் பானை ஏறியிருக்காது. என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். எவனோ கற்பனை செய்த பைலட்டுக்காகத் தொண்டை கிழியக் கத்திய எனக்கு அந்த வீடு ஞாபகமே வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாள் கொடுக்கலாம் என்று ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினேன். எந்த முகத்தோடு கொடுப்பது என்று தெரியாமல் அதை ஆபீஸிலேயே வைத்துவிட்டேன். எல்லோரும் தின்றார்கள்.

இந்த வருடப் பொங்கலன்று காலை, கரும்பும் கையுமாக வாசலில் நின்றிருந்தேன். உள்ளே டிவியில் புதிய சிறப்பு அத்தியாயம் ஆரம்பிக்கிற நேரம். தெருமுனையிலிருந்து டீச்சர் தூக்குவாளியோடு வந்தார். வருடம் திரும்பி, அவர் வீட்டில் மறுபடி பொங்கல் வைத்திருக்கிறார்கள், எனக்குக் கொண்டுவருகிறார் என்று பூரித்துப்போய், "வாங்க டீச்சர், வாங்க" என்று கேட்டைத் திறந்தேன்.

"வரேன் சார், மொதல்ல இங்க குடுத்துட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டுப் படியேறினார்.

கார்த்திகையில் அந்த வீட்டம்மா இறந்துபோனதை பஸ்ஸில் அவரிடம் சொன்னவனே நான்தான்.