மேபல் ட்ரிகெட்டின் வாய்

லண்டனின் கிழக்குப் பேட்டையில் மீன் விற்ற மேபல் ட்ரிகெட்டைக் கட்டின புருஷன்கூடப் பல் செட் இல்லாமல் பார்த்ததில்லை. விளக்கணைந்த பிறகுதான் கழற்றுவாள், விடியுமுன் மாட்டிக்கொள்வாள். அவ்வளவு ரோஷக்காரி. ஜெர்மன்காரன் குண்டு போட ஆரம்பித்ததும் தெருவே பாதாள ரயில் மேடையில் போய்ப் படுத்தது. அங்கே விளக்கு அணைவதில்லை. பல்லைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து, முகத்தை மூடப் போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கினாள்.

ஒருநாள் போர்வை விலகிவிட்டது. கண் விழித்தால் எதிரே முக்காலியில் ஓர் ஓவியர், நல்ல கம்பளிக் கோட்டும் மடியில் காகிதமுமாக. பக்கத்தில் ஒருவன் கேமராவோடு நின்றான். ஓவியர் வரைவதைப் படம் பிடிக்கப் பத்திரிகை அனுப்பிய ஆளாம். காகிதத்தில் இருந்தது அவள் முகம்தான், பொக்கை வாய் ஆவென்று திறந்தபடி.

கைக்குட்டையைத் துழாவிப் பல்லை மாட்டிக்கொண்டு, காகிதத்தைக் கிழிக்கச் சொன்னாள், பிலிமையும் கேட்டாள். ஓவியர் நாட்டுக்காக என்றார், ஜனங்களின் தைரியம் என்றார்.

"தைரியம் என் வாய்க்குள்ளயா இருக்கு?"

அடுத்த போர்வைக்காரன் எர்னி, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், கிண்டலாகச் சொன்னான்: "விடு மேபல், ராஜா வீட்டுச் சுவத்துல தொங்கப் போற." அவனுக்கும் நாலு வசவு விழுந்தது.

மேலே குண்டு விழுந்துகொண்டிருந்ததால் வந்தவர்கள் வெளியே போக முடியவில்லை. சற்று நேரத்தில் ஓவியர் சுவரில் சாய்ந்து தூங்கிப் போனார். வாய் பிளந்தது; எச்சில் கோட்டில் வழிந்தது. மேபல் எழுந்து கேமராக்காரனின் தோளைத் தட்டினாள்.

"எடு."

"யாரை?"

"அவரைத்தான். அவரும் தைரியமாத்தானே தூங்குறாரு."

அவன் முகம் சுளித்தான். "தூங்குற பெரிய மனுஷரைப் போய்... மரியாதையா இருக்காதும்மா."

எர்னிகூடச் சிரிக்கவில்லை. பெரிய மனிதர்களுக்கு மரியாதை தூக்கத்திலும் கூடவே வரும் போலிருக்கிறது.

மறுவாரம் கேமராக்காரன் எடுத்த படம் பத்திரிகையில் வந்தது. முன்னால் கம்பீரமாக ஓவியர், பின்னால் அந்த வாய். சந்தையில் ஒவ்வொருத்தியும் அவள் வாயைப் பார்த்துவிட்டுத்தான் மீனைப் பார்த்தாள். மேபல் வீடு வீடாகப் படியேறி அந்தப் பத்திரிகையைக் கேட்டு வாங்கி வந்தாள், மீன் மடிக்க. ஓவியர் முகத்தின் மேல் ஈர மீனை வைத்தாள். இருவரும் ஒரே பக்கத்தில்தான் இருந்தார்கள். அவர் முகம் கசங்கினால் அவள் முகமும் கசங்கும்.

கசக்கித்தான் கட்டிக் கொடுத்தாள்.