லெசிபாவின் பெயர் மட்டும்

மமெலோடியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சோளக்களி கிண்டிப் போடுவது ரமோகோனேயின் வேலை. ஞாயிறன்று தேவாலயத்தில் பாடுவாள். அவள் தம்பி லெசிபா சுரங்க வேலை தேடி ரஸ்டன்பர்க் போய் நான்கு வருடமாயிற்று. போலீசில் புகார் எழுதிக் கொடுத்தும் பிணவறைகளில் தேடியும் தகவல் இல்லை.

அந்தத் துக்கத்தை அவள் பாட்டாக்கினாள். தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பவர் அதற்கு டீப் ஹவுஸ் என்ற நடன இசையில் நிதானமான தாளம் போட்டுக் கொடுத்தார். தம்பியின் சிரிப்பு, அம்மா அவனுக்காக எடுத்துவைக்கும் தட்டு என்று நான்கு சரணம். கடைசியில் ஒரே ஒரு முறை, "லெசிபா, வீட்டுக்கு வாடா."

கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். யாரும் ஆடவில்லை.

அந்தப் பகுதி விருந்துகளில் பாட்டுப் போடும் டீஜே பூட்டி, அதை ஆட்டத்துக்கு ஏற்றபடி ரீமிக்ஸ் செய்யக் கேட்டபோது அவள் சரியென்றாள். முடித்ததும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினான். வேகம் கூடியிருந்தது. வெகுநேரம் ட்ரம் மட்டும் ஓடியது. பிறகு பேஸின் கனத்த அடித்தொனி சேர்ந்து, சட்டென்று எல்லாம் நின்றுபோய், அந்த வெறுமையில் அவள் குரல் மட்டும் தம்பியைக் கூப்பிட்டது. மறுகணம் பேஸ் இடித்துக்கொண்டு இறங்கியது.

"என் பாட்டு எங்கடா?"

"இதுதான்க்கா."

"அம்மாவோட தட்டு?"

பூட்டி தலையைச் சொறிந்தான். "கதை சொன்னா ஜனம் நின்னு கேக்கும், கால் அசையாது. ஒத்த வரியை மட்டும் வெச்சா, அவங்களே சேர்ந்து கூப்பிடுவாங்க."

"என் தம்பி பேரை வெச்சு ஆடணுமா?"

"இத்தனை நாளா நீ ஒருத்திதானேக்கா கூப்பிடுறே."

அவள் இன்னொரு முறை போடச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு மதியம் ஒரு வீட்டு முற்றத்து விருந்தில் அது ஒலித்தது. பேஸ் நின்ற இடத்தில் இருநூறு பேர் லெசிபாவைக் கூப்பிட்டார்கள். ரமோகோனேயின் கால் அவளையறியாமல் தாளம் போட்டது. அதை நினைத்து வீடு திரும்பும் வழியெல்லாம் கூசிப்போனாள்.

ஒரே மாதத்தில் மினிபஸ் டாக்சிகளிலெல்லாம் அந்தப் பாட்டுத்தான். ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது, அம்மா தலைத்துணியைத் திருத்தமாகக் கட்டிக்கொண்டு வாசல் கேட்டருகே நின்றிருந்தாள்.

"அவன் பேரைச் சொல்லி யாரோ கூப்பிட்டாங்கடி."

"அது பாட்டும்மா. டாக்சியில போடுறாங்க."

"தெரியும். இருந்தாலும் ஒரு எட்டு பார்த்துடுறேன்."

ரமோகோனே பூட்டியிடம் ஓடினாள். "பேரை எடுத்துடுடா."

"எல்லார் போன்லயும் போயிடுச்சேக்கா," என்றான். இருந்தும் பெயரில்லாமல் இன்னொன்று செய்து கொடுத்தான். அதை யாரும் போடவில்லை.

டாக்சி போகும்போதெல்லாம் அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனாள். சில நாள் தடுத்துப் பார்த்த ரமோகோனே, பிறகு கேட்டருகே ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டாள்.