இன்றே கடைசி

இப்போது டிவியில் பையன்கள் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மூச்சு விடாமல் எதுகை எதுகையாகப் பொரிந்து தள்ளுகிறார்கள். அதற்கு ராப் என்று பெயராம். பாடுகிறவனே பிறகு நடிக்கிறானாம், படமும் எடுக்கிறானாம். பெரிய அதிசயம்! எண்பதுகளிலேயே காரிமங்கலத்தில் நான் இந்த மூன்றையும் செய்து முடித்துவிட்டேன். தொப்பிக்குப் பதில் தலையில் துண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

டென்ட் கொட்டாய் சினிமாவுக்கு மைக் விளம்பரம் செய்வது என் வேலை. வாடகைக் காரில் உட்கார்ந்து ஊர் ஊராக முழங்குவேன்.

"வெட்டு உண்டு, குத்து உண்டு, வில்லனுக்குக் கொட்டு உண்டு! பாட்டு உண்டு, பைட்டு உண்டு, ஓட்டு வூட்டு அக்காமாரே, ஓடி வந்தா சீட்டு உண்டு! தினசரி இரண்டு காட்சிகள்! காணத் தவறாதீர்கள்! இன்றே கடைசி!"

படம் இன்னும் ஒரு வாரம் ஓடும். இருந்தாலும் 'இன்றே கடைசி' என்றால்தான் சனம் கிளம்பும்.

என் தாய்மாமன் பொம்மிடியில் கடலை வியாபாரி. அவர் மகள் மேல் எனக்கு உயிர். மாமாவிடம் அம்மா பேச்செடுத்ததும் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "மைக்குல கத்தறதெல்லாம் ஒரு பொழப்பாடா? இதுக்கு எம்பொண்ணக் குடுக்கணுமா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மரியாதை தேடி மாரியம்மன் பண்டிகை நாடகத்தில் சேர்ந்தேன். நீதிபதி வேஷம், ஒரே ஒரு வசனம். முன்வரிசையில் மாமா. எழுந்து நின்று கர்ஜித்தேன்: "குற்றவாளிக்குத் தூக்குத் தண்டனை!" அங்கே வாயை மூடியிருக்கலாம். பழக்கதோஷம் விடவில்லை. "தினசரி இரண்டு காட்சிகள்! காணத் தவறாதீர்கள்!"

தூக்கில் தொங்க வேண்டியவன் விழுந்து விழுந்து சிரித்தான். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சரி, டைரக்டர் ஆகிவிட்டால் யார் கேட்பார்கள்? கடிகாரக் கடை பாயின் தம்பி சவுதியிலிருந்து வீடியோ கேமரா கொண்டு வந்திருந்தார். சந்தையில் ஆடுகளுக்கு நடுவே சண்டைக்காட்சி எடுத்தோம். நான் 'கட்' சொன்னால் அவர் நிறுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. சண்டை முடிந்ததும் நான் கம்பீரமாக "காணத் தவறாதீர்கள்!" என்றேன். அவர் நிறுத்தவே இல்லை.

"நீங்க கட்டுனு சொல்லலியேங்க" என்றார், கேசட் தீர்ந்த பிறகு.

பாய் கடை டிவியில் வீடியோ டெக் வைத்துப் படத்தைப் போட்டோம். சண்டை இரண்டு நிமிஷம். மிச்சமெல்லாம் நாயகனும் வில்லனும் ஒரே பொட்டலத்தில் போண்டா தின்றது. மாமா மகளோடு வந்திருந்தார். கடைசிவரை பார்த்தார்.

இனி இழக்க என்ன இருக்கிறது? நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

"மாமா, உங்க பொண்ண எனக்குக் கட்டிக் குடுங்க" என்றேன். அத்தோடு நிறுத்தத்தான் நினைத்தேன். "இன்றே கடைசி!" என்று வாய் தானாக முடித்தது.

மாமாவின் முகம் கறுத்தது. எல்லாம் போச்சு என்று தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது அவருக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"நாளைக்கெல்லாம் கெடைக்காதாம்ப்பா. சரின்னு சொல்லிடுங்க."

மாமா சிரித்துவிட்டார். எனக்குத்தான் அழுகை வந்தது.