பிள்ளையார் குடியிருந்த டென்மார்க் பெட்டி

அந்தப் பெட்டியின் கதவைக் கீழே இறக்கினால் முதலில் கற்பூரம் மணக்கும், பிறகு தேக்கு, அதற்கும் அடியில் இனிப்பும் புளிப்புமாய் ஏதோ ஒன்று. "பழைய மரமெண்டால் அப்பிடித்தான்" என்பார் அம்மா.

கனடாவின் மொன்றியலில் ஜூலை முதலாந்தேதி பாதி நகரம் வீடு மாறும். வேண்டாததெல்லாம் நடைபாதைக்கு வந்துவிடும். அப்படி ஒரு ஜூலையில் அப்பா சென்ட் லோரன்டில் எங்கள் தெருமுனையிலிருந்து தூக்கிவந்ததுதான் அந்த "றாக்கை": சுவரில் பூட்டும் ஒடுங்கிய மரச்சட்டங்கள், அவற்றில் நினைத்த உயரத்தில் கொழுவக்கூடிய தட்டுகள், நடுவே உள்ளுக்குள் கண்ணாடி பதித்த ஒரு பெட்டி. பின்பக்கத்தில் டென்மார்க் என்று பொறித்திருந்தது. அப்பா தட்டிப் பார்த்துச் சிரித்தார்: "தேக்கு, பிள்ளை! எங்கடை பக்கத்து மரம் எங்களுக்கு முதலே இங்கை வந்திட்டுது." காலே இல்லாத தளபாடம் என்பதால், எங்கள் நெருக்கடி வீட்டில் நிலம் முழுக்க எங்களுக்கே மிஞ்சியது.

அந்தப் பெட்டியின் கதவை இறக்கினால் அதுவே பூ வைக்கும் பலகையாய் நின்றது. கண்ணாடியில் ஒரு விளக்கு இரண்டாய்த் தெரிந்தது. "வெள்ளைக்காரரும் சாமிக்கு எவ்வளவு வடிவாச் செய்திருக்கிறாங்கள்!" என்று அம்மா பிள்ளையாரைக் குடியேற்றிவிட்டார். அதற்குக் கீழ்த்தட்டு எனக்கு. தம்பியின் கை எட்டாத உயரம். எனக்கே எனக்கென்று கிடைத்த முதல் இடம். ராணி மாதிரித் திரிந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, அப்பாவோடு தொழிற்சாலையில் வேலைசெய்த சிவம் மாமா கும்பிடப் போனவர், விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா, இது போத்தில் வைக்கிற பெட்டி! விஸ்கி அலுமாரிக்குள்ளையோ பிள்ளையார்?"

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "எல்லாத்தையும் கழட்டி எறியுங்கோ!" எல்லாம் என்றால் என் தட்டும்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பா மட்டும் அசையவில்லை. "இவ்வளவு நாளும் பிள்ளையாரே ஒண்டும் சொல்லேல்லை. அந்தத் தும்பிக்கைக்கு மணக்காதது உமக்கு மணக்குதோ?"

அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். மறுநாள் பெட்டியை மஞ்சள் தண்ணீரால் துடைத்தார். பிள்ளையாரும் தப்பினார், நானும் தப்பினேன்.

இன்று ஆற்றுக்கு அப்பால் புரோசார்ட்டில் எங்களுக்குத் தனிச் சாமியறை உண்டு. அங்கே கற்பூரம் மட்டுந்தான் மணக்கிறது. வீடு மாறியபோது றாக்கையை நாங்களும் நடைபாதையில் விட்டுவிட்டோம். அண்மையில் பழைய தளபாடக் கடையொன்றில் அதே மாதிரிப் பெட்டி கதவு திறந்தபடி நின்றது. அம்மா தன்னையறியாமல் சப்பாத்தைக் கழற்றினார். கிட்டப் போனவர், உள்ளே அழகுக்கு அடுக்கியிருந்த போத்தல்களைக் கண்டதும் என் காதுக்குள் கொதித்தார்:

"பார் பிள்ளை, சாமி இருக்கிற இடத்திலை சாராயம் வைச்சிருக்கிறாங்கள்!"