கனகசிங்கத்தின் தோணியைச் செய்த ஓடாவி

ஓடாவி என்று யாரைச் சொல்வது? அன்று செட்டிபாளையத்து வாவிக்கரையில் நின்ற எங்களுக்கு அது மறந்துபோனது. தோணி செய்பவர் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

எங்கள் ஊரில் தோணி செய்தவர் இராசதுரை. அவரைச் சுனாமி கொண்டுபோனது. பதினைந்து வருஷம் அவரோடு நின்று பலகை வளைத்த மனைவி அன்னப்பூரணி மிஞ்சினாள். 2009இல் சண்டை முடிந்த கையோடு, வேறு ஆள் கிடைக்காமல் கனகசிங்கம் அவளிடம் ஒரு தோணி கேட்டார். மூன்று மாதம் தனியாகச் செய்தாள். கடைசி இரண்டு நாள் பெயின்ட் அடிக்க மட்டும் கணவனின் தம்பி சாமித்தம்பி வந்தான்.

புதுத் தோணி இறக்கும்போது சொந்தக்காரர் வெற்றிலைத் தட்டை ஓடாவியின் கையில் கொடுப்பார். தட்டு யாருக்குப் போகிறதோ அவரிடம்தான் அடுத்த தோணிக்குச் சொல்வார்கள். அப்படிச் சொல்வதற்கென்றே இரண்டு பேர் கரையில் காத்து நின்றார்கள். அன்னப்பூரணிக்கும் அது தெரியும்.

கனகசிங்கம் அவளைக் கடந்து போய் சாமித்தம்பியிடம் தட்டை நீட்டினார். அவனும் கூசாமல் வாங்கினான்.

"ஓடாவி எண்டா ஆம்புள கா. நீ உதவிக்குத்தானே நிண்டாய்," என்றார் கனகசிங்கம் அவளிடம்.

கரை சிரித்தது. அவள் சுத்தியலைச் சாமித்தம்பியின் காலடியில் போட்டாள்.

"அப்ப ஓடாவியே கட்டைய அடிக்கட்டும்."

தோணியின் அடியில் மழைத்தண்ணீர் வடிய ஒரு துளை உண்டு. இறக்கும் முன் அதைக் காய்ந்த கட்டையால் அடைப்பதுதான் ஓடாவியின் கடைசி வேலை. காய்ந்த கட்டைதான் தண்ணீரில் ஊதி இறுகும். சாமித்தம்பியோ கரையில் ஊறிக்கிடந்த கட்டையை எடுத்து அறைந்தான். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

தோணியை இறக்கிக் கண்டல் காட்டுப் பக்கம் போனதும் கட்டை கழன்று தண்ணீர் ஏறியது. இடுப்பளவு நனைந்து நடந்து வந்த கனகசிங்கம் சாமித்தம்பியைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே அவளிடம் வந்தார்.

"நீயெல்லாம் ஒரு ஓடாவியா?"

"வெத்திலைக்கு ஆம்புள, ஒழுகினா நானா? இப்ப எனக்குச் சொன்ன ஓடாவிப் பேர அந்த ரெண்டு பேரிட்டயும் சொல்லுங்க. மறுகா அடைச்சுத் தாறன்."

அவர் சொல்லவில்லை. தோணி நான்கு நாள் கரையில் கவிழ்ந்து கிடந்தது. சாமித்தம்பி அடித்த வேறு இரண்டு கட்டைகளும் நிற்கவில்லை. ஐந்தாம் நாள் கனகசிங்கம் அந்த இருவரையும் கூட்டிவந்து, மண்ணைப் பார்த்தபடி, "ஓடாவி இவதான்" என்றார். அவள் ஒரே கட்டையில் அடைத்துக் கொடுத்தாள்.

ஆனாலும் ஒருவர் சாமித்தம்பியிடமே போனார். மற்றவர் யோசித்துச் சொல்வதாகப் போனவர், இன்னும் சொல்லவில்லை.

ஆகவே இதை வாசிப்பவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். தோணி தேடி யாராவது ஓடாவி வீடு எது என்று கேட்டால், அன்னப்பூரணியின் வளவைக் காட்டுங்கள்.